கொய்யாவும் பத்தரை மணித் தேநீரும்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கொய்யாப்பழம் வாங்கி வருவதில்லை. ஆப்பிள் வாங்குவார்கள்; சாத்துக்குடி வாங்குவார்கள்; ரொட்டிப் பொட்டலமும் சத்துமாவு டப்பாவும் வாங்குவார்கள். தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிற ஒரு பழத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், படுத்திருப்பவரை மதிக்கவில்லை என்று பொருளாகிவிடும் என்ற எண்ணம் எங்கள் ஊரில் அழுத்தமாக உண்டு. நான் முதல்முறை படுத்திருந்தபோது கட்டிலருகே இருந்த சிறிய அலமாரியின்மேல் ஒன்பது ஆப்பிள்கள் இருந்தன. ஒரேயொருவர் மட்டும் கொய்யா கொண்டுவந்தார். அதை நான் தொடவில்லை. என் நோயைப் பற்றி எழுத உட்கார்ந்தால், தொடாமல் விட்ட அந்தப் பழத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் சுகந்தி. சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு, நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் தொழிலாளர் நல அலுவலராக வேலை பார்த்தேன். எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை முடிவுக்கு வந்து ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் துணியின் தரத்தோடு தொழிலாளரின் நலத்தையும் கேட்கத் தொடங்கியிருந்ததால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை கிடைத்தது. அந்த வேலையை நான் முழு நம்பிக்கையோடுதான் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் பிழைக்கும் அந்த நம்பிக்கைக்கும் தொடர்பு உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, தையல் பிரிவுக்குப் போகும் படிக்கட்டில் ஏழாவது படியில் கண் இருண்டது. விழித்தபோது நான் மருத்துவமனையில் இருந்தேன். என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண் மருத்துவர் கேட்டார்:

"ஏம்மா, இவ்வளவு நாளா எப்படி நடமாடிட்டு இருந்தீங்க?"

நான் ஏதோ நடமாடிக்கொண்டுதான் இருந்தேன். ஓராண்டாக மாதவிலக்கு பத்து நாள் வரை நீடித்தது. படியேறினால் இதயம் காதில் துடித்தது. சமையலறையில் நின்றபடியே பச்சரிசியை வாய் வாயாக மென்றேன். இவை மூன்றும் ஒரே கதையின் மூன்று பக்கங்கள் என்பது தெரியாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணம் கற்பித்து வைத்திருந்தேன். அரிசி, மண், சாக்கட்டி இவற்றைத் தின்னத் தோன்றுவதே இரும்புச்சத்துக் குறைவின் ஓர் அடையாளம் என்று மருத்துவர் சொன்னபோது, அளவுக்குறி போடும் சாக்கட்டியைக் கடித்துத் தின்னும் எங்கள் தையல்காரப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று நான் கண்டித்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு உயிர்வாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் பொருள் அது. அந்தப் பொருளை உண்டாக்க உடலுக்கு இரும்பு வேண்டும். பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது.

அடுத்தது ஸ்கேன். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும் என்பதால், காத்திருப்பு அறையில் ஐந்து பெண்கள் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டியோடு காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே போன ஒருவரை, இன்னும் போதாது, மேலும் குடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள்.

"இதுக்கு மேல குடிச்சா நா மெதந்துருவேனுங்க" என்றார் அவர். யாரும் சிரிக்கத் துணியவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று ஐவருக்கும் தெரியும்.

எனக்கு ஃபைப்ராய்டு என்றார்கள். கர்ப்பப்பையின் தசையில் வளரும் கட்டி, புற்று அல்ல. ஆனால் அதுதான் மாதந்தோறும் என் ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் ஒரு தாளில் கவிழ்ந்த பேரிக்காய் போலப் படம் வரைந்து, அதற்குள் ஒரு வட்டம் போட்டார். எனக்கும் என் கணவர் தங்கவேலுக்கும் மணமாகி நான்கு ஆண்டுகள், குழந்தை இல்லை.

"கட்டியை மட்டும் எடுத்துட்டு கர்ப்பப்பையைக் காப்பாத்த முடியும். அதுதான் என் விருப்பம். ஆனா உங்க ரத்தம் பத்தைத் தொடணும். இந்த நிலைமையில கத்தி வெச்சா, மேசையிலயே ரத்தம் அதிகமாப் போனா, உயிரைக் காப்பாத்த கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்துரும்."

மாதவிலக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஊசி ஒன்று உண்டு. மாதம் ஒன்றாக மூன்று ஊசிகள். அந்த மூன்று மாதமும் வடிகால் அடைபட்டிருக்கும். அதற்குள் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். பத்து என்ற எண் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஆளைப் போல உட்கார்ந்துகொண்டது.

முதலில் இரண்டு புட்டி ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ரத்தம் கொடுக்க, என் கணவர் வேலை பார்க்கும் சாயப்பட்டறையிலிருந்து இருவர் வந்தார்கள். அவர் அங்கே ஆய்வகத்தில் நிறம் ஒத்துப்பார்க்கிறவர். வந்தவர்கள் சாயத் தொட்டியில் வேலை செய்பவர்கள். முழங்கை வரை நீலம் ஏறியிருந்தது. ரத்தம் எடுக்கும் பெண் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, நரம்பு எது, சாயம் எது என்று கேட்டாராம். கொடுத்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் என் கட்டிலருகே நின்று, "அம்மிணி, நம்ம ரத்தம் சாயம் போகாதுங்க, கெட்டிக் கலரு" என்றார்.

நான்காம் நாள் முத்துலட்சுமி வந்தார். எங்கள் நிறுவனத்தில் துணி ஓரம் பின்னும் ஓவர்லாக் இயந்திரத்தில் தைப்பவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மண்ணரை என்ற பகுதியில் வரிசை வீடு ஒன்றில் குடும்பத்தோடு இருக்கிறார். கைப்பை ஒன்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேடம், இப்பிடி வெளுத்துப்போயி கெடக்கீக?"

"பரவாயில்லை முத்துலட்சுமி. உட்காருங்க."

என்னோடு துணைக்கு இருந்த என் அம்மா, தாராபுரத்துக்காரர், விடவில்லை. "அதென்ன கண்ணு, பையைப் பொறத்தால வெச்சுக்கிட்டு நிக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. கொய்யாப்பழம். ஆப்பிள்தான் வாங்கணும்னு போனேன், அதுக்குள்ள பஸ்சு வந்துட்டு." பையை அலமாரியின் அடித்தட்டில், ஆப்பிள்களின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தார். அதிக நேரம் இருக்கவில்லை. போகும்போது, "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க மேடம்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

அவர் போனதும் அம்மா பையைத் திறந்து பார்த்தார். "நல்ல பழந்தான். ஆனா குளுந்த உடம்புக்குக் கொய்யா ஆகுமா சாமி? சளி புடிச்சுக்கும். வெதை வேற கொடல்ல போயி உக்காந்துக்கும்." பழங்கள் தளம் துடைக்கும் அம்மாளுக்குப் போயின.

குத்தல் இருந்ததா என்று நான் ஏன் யோசித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஆறு மாதம் முன்பு நிறுவனத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தரலாம் என்று நிர்வாகத்திடம் வாதாடி ஒப்புதல் வாங்கினேன். எப்போது கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மறந்துபோவார்கள். வெறும் வயிற்றில் குமட்டும். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, ஓடும் வரிசையை விட்டுப் போக வேண்டும். எல்லோரும் இருந்த இடத்திலேயே தவறாமல் விழுங்கும் ஒரு பொருள் பத்தரை மணித் தேநீர். கெட்டில் வரிசைக்கு வரும்போதே மாத்திரையும் வரட்டும் என்று ஏற்பாடு செய்தேன். இந்த யோசனையில் எனக்குப் பெருமையே இருந்தது. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று முதல் மாத்திரையை அனைவர் முன்னிலையிலும் தேநீரோடு நானே விழுங்கிக் காட்டினேன். அதற்குப் பிறகும் நாள்தோறும் அவர்களோடு சேர்ந்தே விழுங்கினேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது அளவு அநேகமாக ஏறவே இல்லை. மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுத்துப்போகிறது, மலச்சிக்கல் என்று பெண்கள் முறையிட்டுவந்ததால், எனக்கு ஒரு விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "தொழிலாளர்கள் மாத்திரையை விழுங்காமல் எறிந்துவிடுகிறார்கள்" என்று அறிக்கை எழுதினேன். ஒருவர் எறிந்ததையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

"சத்தியமா முழுங்குதோம் மேடம்" என்றார் அன்று முத்துலட்சுமி. "நீங்க சொன்ன மாதிரியே, டீயோட."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. ஆனா ரிப்போர்ட் வேற சொல்லுது" என்றேன் நான்.

என் அறிக்கையின் விளைவாக ஒரு புது வழக்கம் வந்தது. மாத்திரை போட்டு ஒரு மடக்குத் தேநீர் குடித்ததும், லைன் மேற்பார்வையாளர் ஒவ்வொரு பெண்ணின் முன்பும் நின்று, "ஆ காட்டு" என்பார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிள்ளை பெற்ற பெண்கள், இருபதும் முப்பதும் பேராக, ஒருவர் பார்க்க ஒருவர் வாய் திறந்தார்கள். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

வீடு திரும்பும்போது என் ரத்தம் ஏழு புள்ளி ஆறு. ஊசி வேலை செய்தது, ரத்தப்போக்கு நின்றது. காலையிலும் மாலையிலும் ஒரு மாத்திரை, தவறாமல். பால் குமட்டியதால் அம்மா பாலில்லாத வரடீயாகப் போட்டுக் கொடுத்தார். வாய்க்கு இதமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடித்தேன்.

நான்கு வாரம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஏழு புள்ளி எட்டு.

மருத்துவர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஒரு நாள்கூட விடலைங்க டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அலுப்போடு சொன்னார். ஆனால் அந்தச் சொற்களை எனக்குத் தெரியும். அவை என் சொற்கள். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை என் படிப்பு எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கன்னம் சுட்டது. சத்தியம் செய்யலாமா என்றுகூடத் தோன்றியது.

மறுபடி மருத்துவமனையில் சேர்ந்து மூன்று நாள் இருந்தேன். மாத்திரை உண்மையிலேயே உள்ளே போகிறதா என்று பார்க்கவும், வேறு எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேடவும். குடலில் கொக்கிப்புழு இருந்தால் ரத்தத்தை உறிஞ்சும் என்று மலப் பரிசோதனை செய்தார்கள், இல்லை. பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடா என்று ஒரு பரிசோதனை, அதுவும் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் ஆறுதலாக இருக்க வேண்டியது. எனக்கு ஒவ்வொன்றும் ஒரு கதவு சாத்தும் ஓசையாகக் கேட்டது. இரண்டாம் ஊசியும் போட்டாயிற்று. பயத்தைவிட ஒரு கட்டத்தில் வியப்பு மேலோங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை விழுங்குகிறேன். அந்த இரும்பு எங்கேதான் போகிறது?

விடை ஒரு தேநீர் டம்ளரில் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் கை தவறி மாத்திரை டீக்குள் விழுந்துவிட்டது. அம்மா வேறொரு மாத்திரையும் வேறு டம்ளரில் டீயும் கொடுத்தார். விழுந்த டம்ளர் சன்னலோரம் அப்படியே நின்றது. பட்டறையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு என் கணவர் வந்தார். எதைப் பார்த்தாலும் நிறத்தை முதலில் பார்க்கிறவர் அவர். டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார்.

"சுகந்தி, இதென்ன கலரு?"

"டீங்க. மாத்திரை விழுந்துருச்சு."

"டீ இந்தக் கலரா இருக்காதே. பாரு." எழுதும் மையைப் போல ஊதாவும் கறுப்பும் கலந்து கிடந்தது. "போன வருசம் போர்வெல் தண்ணியில இரும்பு ஏறி, ஒரு லாட் துணி பூராவும் மங்கிப்போச்சுன்னு நாலு நாளு சோறு திங்காம இருந்தேனே, ஞாபகம் இருக்குதா? இரும்பும் துவர்ப்பும் ஒண்ணாச் சேந்தா கறுப்பாத்தான் ஆகும். கடுக்காய் போட்ட துணியில துருப்பிடிச்ச ஆணி பட்டாப் போதும். டீயும் துவர்ப்புத்தானே?"

"அதனால?"

"துணியில அந்தக் கறை ஏறுனா அலசுனாப் போகாது. ஒண்ண ஒண்ணு கெட்டியாப் புடிச்சுக்கும்." அவர் என் வயிற்றைப் பார்த்தார். "உள்ளயும் இப்படித்தான் புடிச்சுக்குமோ?"

கீழே கேன்டீனுக்குப் போய் ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு டம்ளர் வரடீயும் வாங்கி வந்தார். ஒன்றை ஒத்துப்பார்க்க ஓரமாக வைத்தார்; மற்றதில் மாத்திரையைப் பொடித்துப் போட்டார், கறுத்தது. அதில் எலுமிச்சையைப் பிழிந்தார். கறுப்பு எங்கள் கண்முன்னே வெளுத்து மறுபடி தேநீரின் நிறத்துக்கு வந்தது. "கறையெடுக்கறக்கு நாங்க இந்தப் புளிப்பைத்தான் போடறோம்" என்றார், ஏதோ மறந்துபோன உறவினரை அறிமுகப்படுத்துவது போல. என் அம்மா மூக்கில் விரல் வைத்துக்கொண்டு நின்றார்.

பார்வையிட வந்த மருத்துவர் சன்னலோரத்தில் வரிசையாக நின்ற டம்ளர்களைப் பார்த்தார். "இது என்ன, வார்டா சாயப்பட்டறையா?"

என் கணவர் எழுந்து நின்று, நிறுவனத்துக்கு வரும் ஆய்வாளரிடம் விளக்குவது போல அனைத்தையும் சொன்னார். மருத்துவர் சிரித்துக்கொண்டுதான் கேட்கத் தொடங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரையை எதோட முழுங்கறீங்க?"

"டீயோடங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேங்க."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மருத்துவர்கள் உட்காருவது அபூர்வம். "நான் கேட்டிருக்கணும். சாப்பிடறீங்களான்னு கேட்டேனே தவிர, எதோட சாப்பிடறீங்கன்னு கேக்கலை."

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்போடு பிணைந்துகொள்கின்றன. பிணைந்த இரும்பைக் குடல் உறிஞ்ச முடியாமல் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. காப்பியும் ஓரளவு அப்படித்தான். டம்ளரில் நடப்பதெல்லாம் அப்படியே வயிற்றில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தேநீர் இரும்பைத் தடுக்கிறது என்பது மருத்துவம் முன்பே அறிந்த விஷயம். என் விஷயத்தில் தேநீர் மட்டுமே காரணமா என்று சத்தியம் செய்ய முடியாது, மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் கூடாது.

"எலுமிச்சை மாதிரி, உள்ளே இரும்பு போக ஒத்தாசை பண்ற பொருள் எதுங்க?" என்று நான் கேட்டேன்.

"வைட்டமின் சி. இரும்பை உடம்பு எடுத்துக்கற வடிவத்துல அது வெச்சிருக்கும். நெல்லிக்காய்ல நெறைய இருக்கு, ஆனா தினமும் யாரு அதைத் தின்பாங்க? இந்த ஊர்ல சுலபமா கெடைக்கறதுல கொய்யாப்பழம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு." அலமாரியைப் பார்த்தார். இம்முறையும் நான்கு ஆப்பிள்கள் இருந்தன. "இதுல அவ்வளவு கெடையாது."

அம்மா குறுக்கிட்டார். "கொய்யாவுல சளி புடிக்குமுங்களே டாக்டரம்மா?"

"சளி கிருமியால வருது. கழுவிச் சாப்பிடுங்க, போதும்."

"வெதைங்க?"

"விதையும் சதையும் நார்ச்சத்து. மாத்திரையால வர்ற மலச்சிக்கலுக்கு அதுவும் நல்லதுதான். துவர்க்கற காயா வாங்காதீங்க; பழுத்ததா வாங்குங்க. ஒண்ணு போதும், கூடை கூடையா வேண்டாம்." எழும்போது அவர் மேலும் ஒன்று சொன்னார். அதைப் படிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதால் அழுத்தமாக எழுதுகிறேன்: கொய்யாவில் இரும்பு அதிகம் இல்லை, அது மாத்திரைக்கு மாற்று அல்ல. மாத்திரையிலும் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புக்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை அம்மா கொய்யாப்பழம் வாங்கி வந்தார். கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிப் பழம் என்று வண்டிக்காரர் சொன்னாராம். நான்காக அரிந்து தட்டில் வைத்துவிட்டு, "சளி புடிச்சா நா அந்த டாக்டரம்மாளைத்தான் கேப்பேன்" என்றார். பழத்தின் மணம் அறை முழுவதும் பரவியது. விதைகளைப் பல்லால் நெரித்தபடி நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் நெருப்பெரிச்சலில் நாளைப் பத்தரைக்கும் கெட்டில் வரும், மாத்திரை வரும், "ஆ காட்டு" வரும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அம்மா தடுத்தும் கேட்காமல், ஆட்டோவில் நிறுவனத்துக்குப் போனேன். பத்தே கால் மணி. மேற்பார்வையாளரிடம் கேட்டு இயந்திரங்களை நிறுத்தச் சொன்னேன். பொடித்த மாத்திரையை ஒரு டம்ளர் வரடீயில் போட்டு, வரிசையாகப் போய்க் காட்டினேன். சாயம் ஏறுவதை அறிந்த ஊர். யாருக்கும் நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை.

"நீங்க மாத்திரையை எறிஞ்சீங்கன்னு நான் எழுதினேன். எறியலை. டீயோட கொடுக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது" என்றேன்.

முத்துலட்சுமி இயந்திரத்தை விட்டு எழுந்தார்.

"வாயால சொல்லுதீக மேடம். நாங்க எறியுதோம்னு மட்டும் தாள்லல்லா எழுதுனீக?"

அவர் கேட்டது நியாயம். அங்கேயே ஒரு தையல் மேசையில் உட்கார்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். முந்தைய அறிக்கையில் தொழிலாளர் மீது சொன்ன குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்றும், ஏற்பாட்டில் இருந்த பிழை என்னுடையது என்றும், வாயைத் திறந்து காட்டச் சொல்லும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றும், மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரோடு தர வேண்டும் என்றும் எழுதினேன். முத்துலட்சுமி படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். "'ஆதாரம் இல்லை'ன்னா என்ன மேடம்? 'பொய்'னு போடுங்க" என்றார் பின்வரிசையில் ஒருவர். போட்டேன்.

நிர்வாகம் கடிதத்தை ரசிக்கவில்லை. ஆனால் வழக்கம் நின்றது. பழம் வாங்கித்தர மறுத்துவிட்டார்கள். மதிய நேரத்தில் ஒரு கொய்யா வண்டி நுழைவாயில் அருகே நிற்க அனுமதித்தார்கள்.

எனக்கு மூன்று வாரத்தில் எட்டு புள்ளி ஒன்பது வந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து நானும் என் கணவரும் அந்த எண்ணை மாறி மாறிப் படித்துப் பார்த்தோம். மூன்றாம் ஊசியின் காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது பத்து புள்ளி மூன்று. மருத்துவர் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். முன்பு கட்டிக்குப் போட்ட அதே அளவு வட்டம்.

அறுவைசிகிச்சை இரண்டு மணி நேரம் நடந்தது. மயக்கம் தெளிந்தபோது நான் கேட்ட ஒரே கேள்விக்கு, "இருக்குது, கண்ணு. பத்தரமா இருக்குது" என்றார் அம்மா. குழந்தை பிறக்கும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வழி அடைபடவில்லை என்பதே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள் முத்துலட்சுமி மறுபடி வந்தார். இம்முறை பை முன்னால் இருந்தது. ஆப்பிள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலேயே கொய்யாப்பழங்களை அடுக்கினார்.

"எனக்கு ஒம்பது ஆயிருக்கு மேடம். சாக்கட்டி திங்கணும்னே தோணமாட்டேங்கு. மாத்திரை போட்டுட்டீகளா?"

"இனிமேதான்."

டம்ளரை எடுத்து மோந்து பார்த்து, தண்ணீர்தான் என்று உறுதி செய்துகொண்டு, மாத்திரையை என் கையில் கொடுத்தார். விழுங்கினேன். ஒரு துண்டு பழத்தைக் கொடுத்தார். தின்றேன். அவர் போகவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன் நின்றார்.

"ஆ காட்டுங்க மேடம்."

என் அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். நாக்கையும் தூக்கிக் காட்டினேன். முத்துலட்சுமி குனிந்து, அவசரமில்லாமல், இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார்.

"நாலு வெதை இருக்கு" என்றார். "மத்தபடி நம்புதேன்."